கோடை விடுமுறையை எவ்வாறு கழித்தாய்?

பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. புதுச் சட்டை, புதுப் புத்தகம், பழைய நண்பர்கள்! முதல் வாரத்திலேயே தமிழாசிரியர் கரும்பலகையில் ஒரு தலைப்பை எழுதிப் போட்டுவிடுவார்: "கோடை விடுமுறையை எவ்வாறு கழித்தாய்? இரண்டு பக்க அளவில் கட்டுரை வரைக."

பாட்டி வீட்டுக்குப் போனேன், கிணற்றில் நீந்தினேன், மாங்காய் அடித்தேன் என்று ஒருவன் எழுதுவான். தொண்டர் முகாமுக்குச் சென்று வந்த கல்லூரி மாணவனாக இருந்தால், ஏரிக்கரையைச் செப்பனிட்டோம், மரக்கன்று நட்டோம், இரவிலே முதியோருக்கு எழுத்தறிவித்தோம், ஊரார் எங்களுக்கு மாலை அணிவித்து வழியனுப்பினர் என்று எழுதுவான். எழுதட்டும், நல்ல வேலைதான். மண்வெட்டி பிடித்த கை பேனா பிடிக்கும்போது எழுத்து அழகாக வருகிறதோ இல்லையோ, அழுத்தமாக வரும்.

ஆனால், 1964ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டுக் கல்லூரிகள் கோடை முடிந்து திறந்தபோது, இதே கேள்வியை அங்குள்ள சில மாணவர்களிடம் கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும் தெரியுமா? "கோடை விடுமுறையில் சிறை சென்றேன். அடி வாங்கினேன். குண்டு வெடித்துச் சிதைந்த வீட்டின் பக்கத்திலே அமர்ந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன். என்னுடன் பயிற்சி பெற்ற ஒருவன் போனவன் திரும்பவேயில்லை. நாற்பத்து நான்கு நாள் கழித்து அணைக்கரை மண்ணுக்கடியில் பிணமாகக் கிடைத்தான்!"

மிகைப்படுத்திக் கூறவில்லை, தோழர்களே! ஒவ்வொன்றும் நடந்தது. வல்லரசு என்றும் குடியாட்சியின் கோட்டை என்றும் உலகோர்க்கு உபதேசம் செய்துவந்த அமெரிக்காவிலேயே நடந்தது. மிசிசிப்பி என்று ஒரு மாநிலம். பருத்தி விளையும் பூமி. அங்குதான் நடந்தது.

அம்மாநிலத்து மக்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கறுப்பு இனத்தார். பருத்திச் செடிக்குக் களை எடுப்பவர், பருத்தி பறிப்பவர், மூட்டை சுமப்பவர் எல்லாம் அவர்களே. 1870இலேயே அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15ஆவது திருத்தம், நிறத்தைக் காட்டி எவருக்கும் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று திட்டவட்டமாகக் கூறிவிட்டது. கூறி என்ன பயன்? 1962ஆம் ஆண்டுக் கணக்குப்படி, மிசிசிப்பியில் வாக்காளர் பட்டியலிலே ஏறத் தகுதியுடைய கறுப்பர்களில் நூற்றுக்கு ஏழு பேர் கூடப் பட்டியலில் இல்லை!

சட்டத்தை எவ்வாறு ஏமாற்றினர் என்று கேட்பீர்கள். அதிலேதான் ஆதிக்கக்காரனின் மூளை வேலை செய்தது. நிறத்தின் பெயரால் மறுத்தால்தானே குற்றம்? பரீட்சை வைத்து மறுத்தால்? வாக்காளராகப் பதிய வருபவர் இருபத்தோரு கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். மாநில அரசியல் சட்டத்தில் இருந்த 285 பிரிவுகளில் எழுத்தர் விரல் வைக்கும் ஏதேனும் ஒரு பிரிவைப் படித்து, பொருள் விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் சரிதானா என்று தீர்மானிப்பவர் அந்த எழுத்தரே. அவர் மனம் நிறைய வேண்டும். வெள்ளை முகத்தைக் கண்டால் நிறையும் மனம், கறுப்பு முகத்தைக் கண்டால் எப்படி நிறையும்? பட்டம் பெற்ற கறுப்பு ஆசிரியர் தேறவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் வெள்ளையர் தேறினர். போதாதென்று ஆண்டுக்கு இரண்டு டாலர் தலைவரி. அதுவும் போதாதென்று, விண்ணப்பித்தவர் பெயரை உள்ளூர்ப் பத்திரிகையில் இரு வாரம் வெளியிட வேண்டும் என்று 1962இல் ஒரு சட்டம். ஏன் அந்த விளம்பரம்? பண்ணையார் பார்க்க வேண்டாமா! கடன் கொடுத்தவர் பார்க்க வேண்டாமா! இரவிலே முகமூடி அணிந்து திரியும் கூட்டம் பார்க்க வேண்டாமா!

ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 1951–52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே, கைநாட்டுக்காரரும் கூலிக்காரரும் வரிசையில் நின்று, சின்னத்தைப் பார்த்து வாக்களித்துவிட்டனர். எழுத்துத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை. அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்தும் மிசிசிப்பியிலே, ரூல்வில் என்ற ஊரில், பேனி லூ ஹேமர் என்னும் நாற்பத்து நான்கு வயதுப் பெண்மணிக்குத் தமக்கு வாக்குரிமை உண்டு என்பதே தெரியாது. இருபது பிள்ளைகள் பிறந்த குடும்பத்தில் கடைசிப் பிள்ளை அவர். ஆறு வயதிலே பருத்திக் காட்டுக்குப் போனவர். 1962 ஆகஸ்டில் ஒரு கூட்டத்துக்குச் சென்றார். உரிமை உண்டு என்று அங்கே கேட்டார். அதே மாதக் கடைசியில் இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் போய் விண்ணப்பித்தார். தேர்வில் தோற்கடிக்கப்பட்டார். வீடு திரும்பியபோது பண்ணையார் காத்திருந்தார். "விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையேல் வெளியேறு!" பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையை விட்டு அன்றிரவே வெளியேறினார் அந்த அம்மையார். மறு ஆண்டு வினோனா என்ற ஊர்ச் சிறையிலே அவரை அடித்த அடி, சாகும் வரை அவர் உடலை விட்டு நீங்கவில்லை.

அவராவது உயிரோடு மீண்டார். ஹெர்பர்ட் லீ என்ற உழவர், வாக்காளர் பதிவு வேலைக்கு உதவினார் என்பதற்காக, 1961 செப்டம்பரில் பட்டப் பகலிலே பருத்தி அரைவை ஆலை வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் யார்? மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்! தற்காப்புக்காகச் சுட்டார் என்று சொல்லி விட்டுவிட்டனர். கண்ணால் கண்ட சாட்சி லூயி ஆலன், உண்மையைச் சொல்ல முனைந்தார். 1964 ஜனவரி 31ஆம் நாள் தம் வீட்டு வாயிலருகே அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்கப் பெரும் பத்திரிகைகள் இந்தச் சாவுகளுக்கு ஒதுக்கிய இடம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

இந்நிலையிலேதான் ஒரு மாணவர் அமைப்பு களத்தில் நின்றது. 'மாணவர் அறப்போர் ஒருங்கிணைப்புக் குழு' என்பது அதன் பெயரின் பொருள். சுருக்கமாக 'ஸ்னிக்' என்பர். உணவு விடுதிகளில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இருக்கைகளில் அமர்ந்து, அடி வாங்கி, சிறை புகுந்த கறுப்பு மாணவர்கள் 1960இல் அமைத்த இயக்கம் அது. மிசிசிப்பியில் அதன் முன்னணித் தொண்டர் பாப் மோசஸ். நியூயார்க்கில் கணக்கு ஆசிரியராக இருந்தவர், மெல்லப் பேசுபவர், மேடையில் முழங்கத் தெரியாதவர். அவரும் உடனிருந்தோரும் ஒரு திட்டம் தீட்டினர்: வடமாநிலக் கல்லூரி மாணவர்களை, கோடை விடுமுறையிலே, நூற்றுக்கணக்கில் மிசிசிப்பிக்கு அழைப்பது.

யாரை அழைப்பது? வெள்ளையரை! செல்வர் வீட்டுப் பிள்ளைகளை, செல்வாக்குள்ளோர் வீட்டுப் பிள்ளைகளை! ஏன்? கறுப்பன் செத்தால் கண் திறக்காத நாடு, வெள்ளைப் பிள்ளையின் விரலில் முள் தைத்தால் பதறி எழும் என்பதால். கசப்பான கணக்கு இது. இயக்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. "இரண்டாண்டு, மூன்றாண்டு அடிபட்டு நாம் வளர்த்த உள்ளூர்த் தொண்டரை, நாலு எழுத்து அதிகம் படித்த வெள்ளை மாணவன் வந்து பின்னுக்குத் தள்ளிவிடுவான், இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போய்விடுவான், பிறகு?" என்று கேட்டனர். கேட்டது தவறா? தவறென்று நாம் சொல்ல மாட்டோம். ஊருக்கு உதவ வந்த வெளியூரான், தன்னை அறியாமலே தலைவனாகிவிடுவதை நாமும் கண்டிருக்கிறோம். வாதம் நீண்டது. லூயி ஆலன் கொலையுண்ட செய்தி வந்த பிறகுதான் மோசஸ், அழைத்தே தீருவது என்று உறுதியாக நின்றார்.

அந்தக் கோடையில் மொத்தம் ஏறத்தாழ ஆயிரம் பேர் வந்தனர். பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். சம்பளம் கிடையாது. செலவுக்குத் தம் பணம். சிறைப்பட்டால் ஜாமீனுக்காக ஐந்நூறு டாலர் கைவசம் இருக்க வேண்டும் என்பது விதி! தொண்டு செய்ய வருபவன் ஜாமீன் பணத்தோடு வர வேண்டுமாம். எந்த ஊர்த் தொண்டர் முகாமில் இப்படி ஒரு நிபந்தனை கேட்டிருக்கிறோம்?

ஜூன் நடுவில், ஒஹையோ மாநிலத்து ஆக்ஸ்போர்டு என்ற ஊரில், ஒரு மகளிர் கல்லூரியில் பயிற்சி. என்ன பயிற்சி? அடிக்கும்போது எப்படிச் சுருண்டு படுப்பது, தலையைக் கைகளால் எப்படி மூடுவது, முழங்காலை வயிற்றோடு எப்படிச் சேர்ப்பது என்பது ஒரு பாடம். இரவிலே காரில் போகாதே, வெளிச்சமுள்ள சன்னலருகே நிற்காதே, காருக்குள் எரியும் விளக்கைக் கழற்றிவிடு என்பவை வேறு பாடங்கள். அறப்போர் முறை பற்றி இந்த இயக்கத்து மாணவர்களுக்குத் தொடக்கத்திலே கற்பித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லாசன், 1950களில் நம் நாட்டு நாகபுரியில் ஹிஸ்லாப் கல்லூரியிலே பணியாற்றியவர். இங்கே கற்றுக்கொண்டதை அங்கே கொண்டு போனார். நாம் ஏற்றுமதி செய்தவை மிளகும் துணியும் மட்டுமல்ல போலும்!

மறுபுறம் மிசிசிப்பி அரசினர் என்ன செய்தனர்? நெடுஞ்சாலைப் போலீசைப் பெருக்கினர். ஜாக்சன் நகர மேயர், மாணவரை வரவேற்கக் கவச வண்டி ஒன்றை வாங்கி நிறுத்தினார். மாணவர் கையில் இருந்ததோ படிவக் கட்டும் பென்சிலும்!

முதல் அணி ஜூன் 20ஆம் நாள் ஒஹையோவிலிருந்து புறப்பட்டது. அதிலே ஆண்ட்ரூ குட்மன், வயது இருபது, நியூயார்க் குயின்ஸ் கல்லூரி மாணவன். அவனோடு மைக்கேல் ஷ்வெர்னர், வயது இருபத்து நான்கு. அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்தே மெரிடியன் நகரில் மனைவி ரீட்டாவுடன் தங்கித் தொண்டாற்றி வந்தவர். மூன்றாமவர் ஜேம்ஸ் சேனி, இருபத்தொரு வயது, மெரிடியனிலேயே பிறந்த கறுப்பு இளைஞர். விடுதலைப் பள்ளி நடத்த இடம் கேட்டிருந்த ஒரு கறுப்பர் தேவாலயத்தை, சில நாட்களுக்கு முன்புதான் கொளுத்தியிருந்தனர். அதைப் பார்த்து வர ஜூன் 21ஆம் நாள் மூவரும் போயினர். திரும்பும் வழியில், பிலடெல்பியா என்ற சிற்றூரில், துணை ஷெரீப் அவர்களைக் கைது செய்தார். இரவு பத்தரை மணியளவில் விடுதலை! பகலிலே பிடித்து இரவிலே விடுவானேன்? காரணம் பின்னர் தெரிந்தது. காத்திருந்த கூட்டத்திடம் ஒப்படைப்பதற்கு.

குட்மன் மிசிசிப்பியில் தங்கியது ஒரே நாள்.

இனித்தான் நாம் சொல்ல வந்த இடம் வருகிறது. மூவரைக் காணவில்லை என்ற செய்தி ஒஹையோ வந்தபோது, இரண்டாவது அணி அங்கே பயிற்சியில் இருந்தது. ரீட்டா ஷ்வெர்னரும் அங்கிருந்தார். மோசஸ் அவர்கள் முன் வந்து நின்றார். மூவரும் இறந்திருக்கவே வேண்டும் என்று தாம் கருதுவதை மறைக்கவில்லை. வீடு திரும்ப விரும்புவோர் திரும்பலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றார். பெற்றோர்கள் தொலைபேசியில் அழுதனர். வாஷிங்டனுக்கு மனு அனுப்பினர். போனவர் மிகச் சிலரே. மற்றவர் பேருந்தில் ஏறினர், மிசிசிப்பியை நோக்கி! பத்தொன்பதும் இருபதும் வயது. தேர்வு எழுதி முடித்துக் கையில் மை கூடக் காயாத பிள்ளைகள்!

அதன் பிறகு நடந்ததை நாடறியும். குடியரசுத் தலைவர் ஜான்சன், கடற்படையினரைக் கூட அனுப்பிச் சதுப்பு நிலங்களில் தேட வைத்தார். மோசஸ் கணக்கு தவறவில்லை, நாடு பதறியது. தேடும்போது ஆற்றிலே வேறு கறுப்பர் பிணங்கள் கிடைத்தன. அவற்றுக்காக அதுவரை யாரும் தேடியிருக்கவில்லை! காணாமற் போனவர்களில் இருவர் வெள்ளையர் என்பதால்தான் இத்தனை ஆரவாரம் என்று ரீட்டாவே பத்திரிகையாளரிடம் முகத்துக்கு நேரே கூறினார். கணவனை இழந்த நிலையிலும் அதைச் சொன்ன அந்தப் பெண்ணின் நெஞ்சுரத்தை என்னென்பது! ஆகஸ்டு 4ஆம் நாள் மூவர் உடலும் புதிதாகக் கட்டிய ஒரு மண் அணைக்கு அடியில் கிடைத்தன. 1967இல், கொலைக்காக அல்ல, உரிமையைப் பறிக்கச் சதி செய்ததற்காக ஏழு பேருக்குத் தண்டனை கிடைத்தது. அவர்களில் எவரும் ஆறாண்டுக்கு மேல் சிறையில் இல்லை. சதிக்குத் தலைமை தாங்கியவனைத் தண்டிக்க 2005 ஜூன் 21 வரை, அதாவது கொலை நடந்து நாற்பத்தோராண்டு வரை ஆயிற்று. அப்போது அவனுக்கு எண்பது வயது.

மாணவர் பணிக்கு வருவோம். காலையிலே வீடு வீடாகப் போவர். "அம்மா, வாக்காளராகப் பதிய வாருங்கள்" என்பர். திண்ணையில் இருந்த மூதாட்டி எழுந்து நின்று, "ஆகட்டும் ஐயா, வருகிறேன் ஐயா" என்பார். பேரனை ஒத்த பையனுக்கு "ஐயா"! மாணவன் மகிழ்ந்து குறித்துக்கொள்வான். வாரக் கடைசியில் பார்த்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார். பிறகுதான் புரிந்தது, அது சம்மதம் அல்ல, அச்சம் என்று. வெள்ளையன் எது கேட்டாலும் ஆம் என்று சொல்லி அனுப்பிவிடுவதே உயிர் பிழைக்கும் வழி என்று மூன்று தலைமுறை கற்றுக் கொடுத்திருந்தது. அந்த 'ஐயா'வைப் போக்குவதே முதல் வேலையாயிற்று. அக்கோடையில் ஏறத்தாழ 17,000 கறுப்பர் துணிந்து பதிவு செய்யச் சென்றனர். 1,600 பேர் அளவில்தான் ஏற்கப்பட்டனர். பத்தில் ஒன்று. தோல்வி என்று கணக்குப்பிள்ளை எழுதுவார். பதினேழாயிரம் பேர் பட்டப் பகலில் நீதிமன்றப் படியேறினர் என்பதை எந்தப் பத்தியில் எழுதுவார்?

வாக்கு வேலை இப்படி. பள்ளி வேலை வேறு கதை. 'விடுதலைப் பள்ளிகள்' என்று நாற்பதுக்கு மேல் திறந்தனர். ஆயிரம் பிள்ளைகள் வரலாம் என்று கருதியிருந்தனர். அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலே வந்துவிட்டனர். ஹாட்டீஸ்பர்க் நகரில் மட்டும் தொடக்கத்திலேயே ஐந்நூறு பேருக்கு மேல் பெயர் கொடுத்தனர். பேரப் பிள்ளைகளோடு கிழவர்களும் வந்து உட்கார்ந்தனர்.

கோடை விடுமுறையில் பள்ளிக்கு வர இவ்வளவு ஆர்வமா என்று வியப்பீர்கள். அம்மாநிலத்துக் கறுப்பர் பள்ளி எத்தகையது என்று தெரிந்தால் வியப்பு அடங்கிவிடும். உள்ளூர் நிதியிலிருந்து வெள்ளை மாணவனுக்குச் சராசரி எண்பத்தோரு டாலர் செலவிட்டால், கறுப்பு மாணவனுக்கு இருபத்தோரு டாலர். பருத்தி விளையும் பகுதிகளிலே பள்ளி நாட்காட்டியே பண்ணையாருக்காக அமைந்தது. பஞ்சு வெடிக்கும் காலத்தில் கறுப்பர் பள்ளிக்கு மட்டும் விடுமுறை. ஈடு செய்ய, கொளுத்தும் கோடையிலே வகுப்பு! வெள்ளைப் பிள்ளை கோடையில் நீந்தப் போவான். கறுப்புப் பிள்ளை கோடையில் வகுப்பிலே வேர்த்திருந்து, பருவத்திலே பருத்தி பறிக்கப் போவான். "கோடை விடுமுறையை எவ்வாறு கழித்தாய்?" என்ற தலைப்பையே அவனுக்குக் கொடுக்க முடியாது.

அத்தகைய பிள்ளைகளுக்கு, அவர்தம் இனத்தின் வரலாற்றைச் சொன்னார்கள். அடிமைகள் கிளர்ந்தெழுந்ததைச் சொன்னார்கள். அரசுப் பள்ளியில் கிடைக்காத பிரெஞ்சு மொழியும் தட்டச்சும் கற்பித்தார்கள். பிள்ளைகள் தாமே பத்திரிகை நடத்தினர். ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றபோது பிள்ளைகள் முதலில் நம்பவில்லையாம். வெள்ளை முகத்தைப் பெயர் சொல்லி அழைப்பதா!

மக்கோம் நகரில் நடந்தது இது. ஜூலை 8ஆம் நாள் விடியுமுன் மாணவர் தங்கியிருந்த வீட்டிலே குண்டு வெடித்தது. அதன் பிறகு அந்நகரில் எந்தக் கறுப்பர் தேவாலயமும் பள்ளிக்கு இடம் தரத் துணியவில்லை. பெரியவர்கள் தலைகுனிந்து ஒதுங்கினர். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. பிள்ளைகள் குண்டு விழுந்த அந்த வீட்டுப் புறத்திலேயே அமர்ந்து படித்தனர். அவர்களில் ஒரு பள்ளி மாணவி ஒரு கவிதை எழுதினாள். சிறுமியாகிய நான் விடுதலை கேட்கிறேன், நீங்கள் கதவை மூடிக்கொண்டீர்களே என்று முதியோரைச் சுடும் பொருளுடையது அது. அது ஊரிலே சுற்றி வந்தது. கவச வண்டியும் குண்டும் செய்ய முடியாததை அந்தத் தாள் செய்தது. ஒரு தேவாலயம் கதவைத் திறந்தது.

கோடை முடிந்தபோது கணக்கெடுத்தனர். கைதுகள் ஆயிரத்துக்கு மேல். அடிபட்ட தொண்டர் எண்பது பேர். குண்டு வைக்கப்பட்ட, கொளுத்தப்பட்ட தேவாலயங்கள் முப்பத்தேழு. வீடுகளும் கடைகளுமாக முப்பது. ஆகஸ்டுக் கடைசியில், பேனி லூ ஹேமர் உள்ளிட்டோர் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக்குப் போய், மிசிசிப்பியின் உண்மையான பிரதிநிதிகள் நாங்களே என்று இடம் கேட்டனர். அந்த அம்மையார் தாம் பட்ட அடியைத் தொலைக்காட்சியில் சொல்லத் தொடங்கியதும், ஜான்சன் அவசரமாகத் தாமே பத்திரிகையாளர் கூட்டம் ஒன்றைக் கூட்டி ஒளிபரப்பைத் திசை திருப்பினார்! அந்தச் சாட்சியத்தை அன்றிரவு தொலைக்காட்சிகள் மீண்டும் காட்டின என்பது வேறு செய்தி. கிடைத்தது இரண்டே இடம், அதுவும் சலுகையாக. வேண்டாம் என்று திரும்பினர்.

பிறகு செப்டம்பர். கல்லூரி திறக்கும் காலம். மாணவர்கள் பெட்டியைக் கட்டினர்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாதம் ஒரு வெள்ளைப் பையனுக்குத் தம் கட்டிலைக் கொடுத்து, தாங்கள் தரையில் படுத்த கறுப்புக் குடும்பம். சன்னலுக்கு வெளியே கார் மெதுவாக ஊர்ந்தால், அவனை உள்ளே தள்ளித் தாம் துப்பாக்கியோடு வாயிலில் உட்கார்ந்த வீட்டுக்காரர். பையன் பேருந்து ஏறிப் போய்விட்டான். பெர்க்லி போய்ச் சேர்வான், யேல் போய்ச் சேர்வான். இவர்கள் எங்கே போவார்கள்? செய்தியாளரும் போய்விட்டனர், படக்காரரும் போய்விட்டனர். மக்கோம் நகரிலே செப்டம்பரிலும் குண்டுகள் வெடித்துக் கொண்டேயிருந்தன. இயக்கத்துக்குள் முன்பு கேட்ட அந்தக் கேள்வி, "பிறகு?" என்ற கேள்வி, இப்போது ஒவ்வொரு வாயிலிலும் நின்றது. சில மாணவர்கள் அதற்கு விடை சொல்லக் கல்லூரியை விட்டுவிட்டு அங்கேயே தங்கினர். பெரும்பாலோர் திரும்பினர். திரும்பியதைக் குற்றம் என்பதா? படிக்கப் போனவனைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆனால் தொண்டர் வரலாறு எழுதுவோர், வந்தவர் பெயரைப் பெரிய எழுத்திலும், வாசல் திறந்தவர் பெயரைச் சிறிய எழுத்திலும் போடுவது மட்டும் நமக்குப் பிடிக்கவில்லை.

திரும்பியவர்களும் பழைய ஆட்களாகத் திரும்பவில்லை. மக்கோமில் பாடம் சொன்ன மரியோ சாவியோ, கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்தான். வாசலிலே அதிகாரிகள் உத்தரவு தொங்கியது: மேசை போட்டு அரசியல் வெளியீடு கொடுக்கக் கூடாது, நிதி திரட்டக் கூடாது. மிசிசிப்பிக்கு ஆள் சேர்த்ததும் நிதி சேர்த்ததும் அந்த வாசலில்தான்! அக்டோபர் 1ஆம் நாள், தடையை மீறி மேசையில் அமர்ந்த ஜாக் வைன்பர்க் என்பவரைப் போலீஸ் காரில் ஏற்றினர். மாணவர் காரைச் சூழ்ந்து தரையில் அமர்ந்தனர். முப்பத்திரண்டு மணி நேரம் கார் நகரவில்லை. சாவியோ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காரின் கூரைமேல் ஏறிப் பேசினான். செருப்பைக் கழற்றியது காரின் கூரை நசுங்கக் கூடாதே என்பதற்காகவாம்! திக்குவாய் உடைய பிள்ளை, அன்று திக்கவில்லை. டிசம்பரில் மண்டபத்துள் அமர்ந்து எண்ணூறு பேர் அளவில் கைதாயினர். கடைசியில் பேராசிரியர் பேரவை 824க்கு 115 என்ற வாக்கில் மாணவர் பக்கம் நின்றது. அவன் நின்று பேசிய படிக்கட்டுக்கு 1997இல் அவன் பெயரையே வைத்தனர். நூற்றிருபது நாள் சிறைத் தண்டனை கொடுத்ததும் அதே நாடுதான்.

பெர்க்லி கதை புத்தகங்களில் உண்டு. பிலடெல்பியா கதை அவ்வளவு பேசப்படுவதில்லை. மூவரைப் பிடித்து வைத்த அதே பிலடெல்பியா! அங்கே கறுப்பர் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளி அதே செப்டம்பரில் நடந்து கொண்டிருந்தது. சில பிள்ளைகள் சட்டையிலே வட்ட பேட்ஜ் குத்தி வந்தனர். 'ஒரு மனிதர், ஒரு வாக்கு' என்று அதிலே பொறித்திருந்தது. நடுவிலே 'ஸ்னிக்' பெயர். தலைமையாசிரியர் தடுத்தார்: இதற்கும் படிப்புக்கும் தொடர்பில்லை, கலவரம் வரும் என்றார். கழற்று, இல்லையேல் வீட்டுக்குப் போ! மூன்று நான்கு பேர் வீட்டுக்குப் போயினர். சில நாளில் முப்பது நாற்பது பேர் குத்திக்கொண்டு வந்தனர். அத்தனை பேரும் ஒரு வாரம் நீக்கம்! பெற்றோர் பெரும்பாலோர் பணிந்தனர். பணியாத மூன்று பெற்றோர் வழக்குக்குப் போயினர்.

எந்த ஊர் என்பதை மறக்க வேண்டாம். மூன்று பிணங்களை அணைக்கரையிலிருந்து தோண்டி எடுத்து இரண்டு மாதம் ஆகவில்லை. கொன்றவர்கள் கடைத்தெருவிலே வெற்றிலைக்குப் பதில் புகையிலை மென்றுகொண்டு நடமாடுகிறார்கள். அந்த ஊரில் பதினைந்து வயதுப் பெண் பேட்ஜ் குத்திக்கொண்டு தெரு வழியே நடந்து பள்ளிக்குப் போகிறாள்!

1966 ஜூலையில் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பேட்ஜால் வகுப்பு நடப்பதற்கு இடையூறு எதுவும் நேரவில்லை, ஆகவே தடை செல்லாது. மூன்றாண்டு கழித்து, வியட்நாம் போரை எதிர்த்துக் கையிலே கறுப்புப் பட்டை கட்டிச் சென்ற அயோவா மாநில மாணவர் வழக்கில், அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் இந்தத் தீர்ப்பையே எடுத்துக்காட்டி, பள்ளி வாயிலில் நுழைவதால் மாணவர் பேச்சுரிமையை இழந்துவிடுவதில்லை என்று 1969இல் கூறியது. டெஸ் மாயின் நகரத்துப் பதின்மூன்று வயதுச் சிறுமி மேரி பெத் டிங்கர் பெற்ற உரிமைக்கு, பிலடெல்பியாப் பிள்ளைகளின் பேட்ஜ் படிக்கல்லாயிற்று.

எல்லாப் பிள்ளைகளும் வெல்லவில்லை. இசக்வீனா என்ற மாவட்டத்தில் 1965 தொடக்கத்தில் இதே பேட்ஜுக்காக முந்நூறு பேர் அளவில் நீக்கப்பட்டனர். அங்கே தாழ்வாரத்தில் பேச்சும் தள்ளுமுள்ளும் நடந்தன என்று காரணம் காட்டி, அதே நாளில், அதே நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்த்தது. நீக்கப்பட்டோர் பலர் பள்ளி திரும்பவில்லை. பெற்றோர் தாமே விடுதலைப் பள்ளி வைத்துப் பாடம் நடத்தினர். வழக்கிலே முதல் பெயராக நின்ற தாயார் யூனிட்டா பிளாக்வெல். பருத்தி பறித்துப் பிழைத்தவர். 1964 கோடையிலே மாணவத் தொண்டர் அவர் ஊருக்கு வந்து பேசியபோது, பதியப் போகிறவர் யார் என்று கேட்டதற்கு எழுந்து நின்றவர். மறுநாளே வயலில் வேலை போயிற்று. தேர்வில் தோற்றார், மறுபடி போனார், மறுபடியும் போனார், தேறினார்.

1965 ஆகஸ்டு 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. 285 பிரிவுப் பரீட்சை ஒழிந்தது. நூற்றுக்கு ஏழு கூட இல்லாதிருந்த மிசிசிப்பிக் கறுப்பு வாக்காளர் கணக்கு, 1967இல் நூற்றுக்கு அறுபதை நெருங்கியது. 1976இல் மேயர்ஸ்வில் என்னும் அந்தச் சிற்றூருக்கு யூனிட்டா பிளாக்வெல் மேயரானார்; மிசிசிப்பியில் மேயரான முதல் கறுப்புப் பெண்மணி அவர். அவர் பதவியில் இருந்த காலத்தில் ஊருக்குக் குடிநீர்க் குழாய் வந்தது, சாக்கடை வந்தது, தெருவுக்குத் தார் போட்டார்கள்.